வாயிலை அடைக்கும் கை – சூதாட்டத் தன்விலக்கு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

சூது தீது என்பதை நிறுவுவதற்கு இன்று புதிதாக ஒரு கட்டுரை வேண்டுவதில்லை. அறநூல்கள் அதனைக் கடிந்துரைத்துள்ளன. சமய நூல்கள் தடுத்துள்ளன. காப்பியங்கள் சூதால் நாடிழந்து காடேகிய மன்னர்களை நம் கண்முன் நிறுத்தியுள்ளன. ஆயினும் சூதில் வீழ்ந்த ஒருவர், அதன் தீமையைப் பிறர் எவரினும் நன்கு அறிந்தவராகவே இருக்கிறார். அறியாமையால் அவர் ஆடுவதில்லை. அறிந்தும் விட இயலாமையே அவருடைய துன்பம். ஆதலின், ‘விட்டுவிடு’ என்று அவருக்கு அறிவுரை கூறுவதோடு நின்றுவிடாமல், விட வேண்டும் என்று அவரே விரும்பும் வேளையில் அவருக்குக் கைகொடுக்கும் வழி யாது என ஆராய்வது பயனுடையதாகும்.

அத்தகைய வழிகளுள் ஒன்று ‘தன்விலக்கு’ என்பது. சூதாட்டக் கூடம் ஒன்றினுள் தம்மை நுழையவிட வேண்டாம் என்று ஒருவர் தாமே எழுதிக் கொடுப்பதும், அவ்வெழுத்தை ஏற்று அக்கூடமோ அரசு அமைப்போ அவரை வாயிலிலேயே தடுத்து நிறுத்துவதும் தன்விலக்கு எனப்படும். உலக நாடுகள் பலவற்றில் இம்முறை இன்று நடைமுறையில் உள்ளது. அவற்றுள் சிங்கப்பூரின் நடைமுறையைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாடு அது. நம் ஊர்களிலிருந்து பிழைப்பை நாடிச் சென்றோர் பலர் வாழும் நாடும் அதுவே. ஆகவே அங்குள்ள இந்த ஏற்பாட்டை நாம் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தன்விலக்கின் வலிமை, அதனை எழுதிக் கொடுப்பவரின் மனவுறுதியில் மட்டும் அமைந்ததன்று. அவ்வெழுத்தைப் பெற்றுக்கொண்டு வாயிலில் நிற்பவரின் பொறுப்பிலும், வீட்டில் காத்திருப்போரின் துணையிலும் பெரிதும் அமைந்தது என்பதே ஈண்டு நாம் நிறுவ விழையும் கருத்தாகும்.

சூது – குற்றமா, நோயா?

திருக்குறளின் பொருட்பாலில் ‘சூது’ 94ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. அதற்கு முன்னர் நிற்பது ‘கள்ளுண்ணாமை’. அதனை அடுத்து வருவது ‘மருந்து’. கள்ளுக்கும் மருந்துக்கும் இடையே சூது வைக்கப்பட்டுள்ள இவ்வரிசை சிந்திக்கத்தக்கது. திருமறையிலும் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் மதுவும் சூதும் இணைத்தே விலக்கப்பட்டுள்ளன. அவை மக்களிடையே பகையை விளைவிப்பதும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் மனிதனைத் திருப்பிவிடுவதும் அங்கே காரணங்களாகக் கூறப்படுகின்றன. சூதைக் குறிக்கும் ‘மைசிர்’ என்னும் அரபுச் சொல்லை, ‘எளிமை’ என்னும் பொருள் தரும் வேரோடு தொடர்புபடுத்துவர் விரிவுரையாளர் பலர். உழைப்பின்றி எளிதாகப் பொருள் வரும் என்னும் மயக்கமே சூதின் தொடக்கம் என்பதை அச்சொல்லே உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

இக்கால மருத்துவமும் இதனையொத்த ஒரு முடிவை வந்தடைந்துள்ளது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில், 1980ஆம் ஆண்டில், மிகைச் சூதாட்டத்தை முதன்முதலாக ஒரு மனநலக் கோளாறாகச் சேர்த்தது. அப்போது அது உந்துதலை அடக்க இயலாக் கோளாறுகளின் வரிசையில் வைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலோ அது மது முதலிய போதைப் பழக்கங்களின் பகுதிக்கு மாற்றப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியலும் சூதாட்டக் கோளாற்றைப் பழக்க அடிமைக் கோளாறுகளுள் ஒன்றாகவே கொள்கிறது.

உடலினுள் எப்பொருளும் செல்லாதிருக்க, வெறும் ஆட்டம் எவ்வாறு போதையாகிறது என்று வினவலாம். இதற்கு உளவியலார் கூறும் விளக்கம் தெளிவானது. ஒவ்வொரு முறையும் பரிசு கிடைத்தால் மனம் விரைவில் சலித்துவிடும். ஒருபோதும் கிடைக்காவிடில் முயற்சியைக் கைவிட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று அறிய முடியாதபடி இடையிடையே கிடைக்கும் பரிசே உயிர்களை மிகவும் பிணிக்கிறது. விலங்குகளையும் பறவைகளையும் கொண்டு ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் நிகழ்த்திய ஆய்வுகள் இதனைப் புலப்படுத்தின. சூதாட்டப் பொறிகள் இவ்வியல்பின்மீதே கட்டப்பட்டுள்ளன. வெற்றிக்கு மிக அருகில் வந்து தவறியதுபோன்ற தோற்றம் ஆட்டத்தை மேலும் தூண்டுகிறது. இழந்ததை மீட்பதற்காகவே மீண்டும் ஆடுதல் என்னும் நிலை வந்துவிட்டால், ஒருவர் தம் கட்டுப்பாட்டை இழந்துவிட்டார் என்று கொள்ளலாம்.

நோய் என்று கூறுவதால் குற்றம் நீங்கிவிடுகிறது என்று யாம் கூறவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்தவர் அதற்குப் பொறுப்பாளியே. ஆயினும் பொறுப்பை உணர்த்துவது ஒன்று; அப்பொறுப்பை ஏற்று நடக்க அவருக்கு வலிமை தருவது மற்றொன்று. இரண்டும் வேண்டும்.

உறுதிமொழியின் மெலிவு

‘இனி ஆடேன்’ என்னும் உறுதிமொழி எத்துணை உண்மையானதாயினும் எத்துணை மெலிந்தது என்பதற்கு இரஷிய எழுத்தாளர் தாஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கை ஒரு சான்று. சூதாடியின் உள்ளத்தைப் படம்பிடித்துக் காட்டும் ‘சூதாடி’ என்னும் நாவலை அவர் 1866ஆம் ஆண்டில் 26 நாள்களில் சொல்லச் சொல்ல, அன்னா என்னும் சுருக்கெழுத்தாளர் எழுதி முடித்தார். மறு ஆண்டில் அன்னா அவருடைய மனைவியானார். அதே 1867ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் அவர் சூதாடி, மனைவியின் அணிகளையும் திருமண மோதிரங்களையும்கூட அடகு வைத்தார். சூதாடியின் மனத்தை அவரினும் நன்கு அறிந்தவர் இலர். எனினும் அவ்வறிவு அவரைக் காக்கவில்லை. மீண்டும் மீண்டும் உறுதி கூறினார். மீண்டும் மீண்டும் மீறினார். 1871ஆம் ஆண்டு வீஸ்பாடன் நகரில் இழந்ததே அவரது இறுதி ஆட்டமாயிற்று. அதன் பின்னர் அவர் ஆடவில்லை. 1872ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் சூதாட்டக் கூடங்கள் சட்டத்தால் மூடப்பட்டுவிட்டன என்பதும் ஈண்டுச் சேர்த்து நோக்கத்தக்கது. உள்ளத்தின் கதவு அடைந்த காலத்தை ஒட்டியே ஊரின் கதவும் அடைபட்டது அவருக்கு ஒரு நற்பேறு எனலாம்.

ஒரே மனிதருக்குள் இருவேறு நிலைகள் உள்ளன. இழந்து, வருந்தி, வீட்டாரின் முகத்தைக் காண நாணி நிற்கும் வேளையில் அவர் தெளிவுடையவர். சம்பளம் கைக்கு வந்து, ஆசை தலைதூக்கும் வேளையில் அத்தெளிவு மறைந்துவிடுகிறது. தெளிந்த வேளையில் எடுத்த முடிவு, மயங்கிய வேளையிலும் தம்மைக் கட்டுமாறு செய்துகொள்வதே தன்விலக்கின் அடிப்படை. பூட்டைப் பூட்டுவது அவர் கை. திறவுகோலை வைத்திருப்பது பிறர் கை. திறவுகோலும் அவர் கையிலேயே இருக்குமாயின் பூட்டியதனால் பயனில்லை.

தன்விலக்கு முறையின் வளர்ச்சி

அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1996ஆம் ஆண்டில் மாநிலம் முழுமைக்குமான தன்விலக்குத் திட்டத்தைக் கொணர்ந்தது. அந்நாட்டில் மாநில அளவில் தோன்றிய முதல் திட்டம் அதுவே. தம்மை விலக்குமாறு விண்ணப்பித்தவர் பின்னர் மாநிலத்தின் சூதாட்டக் கூடம் எதனுள் நுழைந்தாலும் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்கு ஆளாவார். தொடக்கத்தில் அவ்விலக்கு வாழ்நாள் முழுமைக்கும் உரியதாக இருந்தது. 2012ஆம் ஆண்டிலிருந்து, ஐந்தாண்டுகள் கழிந்தபின் பட்டியலிலிருந்து நீங்க விண்ணப்பிக்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது. வாழ்நாள் முழுமைக்கும் என்றால் பலர் அஞ்சி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவர்; மிகக் குறுகிய காலமாயின் விலக்கினால் பயன் விளையாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் காண்பதே எல்லா நாடுகளும் எதிர்கொள்ளும் சிக்கலாக உள்ளது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் லதுசேர் என்னும் உளவியலறிஞரும் அவருடைய குழுவினரும் தன்விலக்கு பெற்ற 220 பேரிடம் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் முன்னரே ஒருமுறை தன்விலக்கு பெற்றிருந்தோரின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. அவர்களுள் 30 விழுக்காட்டினர் அவ்விலக்குக் காலத்தில் சூதாட்டத்தை முற்றிலும் விட்டிருந்தனர். 36 விழுக்காட்டினரோ விலக்கு நடப்பில் இருந்தபோதே கூடத்தினுள் மீண்டும் நுழைந்திருந்தனர். இவ்விரு எண்களும் இரு பாடங்களைத் தருகின்றன. எழுதிக் கொடுத்த ஒரு தாள் பலருக்கு உண்மையிலேயே உதவியுள்ளது என்பது முதற்பாடம். வாயிலில் நிற்போர் அடையாளம் காணத் தவறின் அத்தாள் வெறும் தாளே என்பது இரண்டாம் பாடம். தொடக்ககாலத் திட்டங்கள் பலவற்றில், விலக்கப்பட்டோரின் புகைப்படங்களைக் காவலர் பார்த்து நினைவில் வைத்துக்கொள்வதே தடுப்புக்கு வழியாக இருந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நுழையும் இடத்தில் அந்நினைவு எத்துணைத் தூரம் துணைசெய்யும்?

சிங்கப்பூர் கண்ட வழி

சூதாட்டக் கூடங்களுடன் கூடிய இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களை அனுமதிப்பது என்னும் முடிவைச் சிங்கப்பூர் அரசு 2005ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அம்முடிவுக்குச் சமய அமைப்புகளிடமிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில் சூதாட்டச் சிக்கலுக்கான தேசிய மன்றம் அமைக்கப்பெற்றது. 2006ஆம் ஆண்டில் சூதாட்டக் கூடக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. செந்தோசாத் தீவிலுள்ள கூடம் 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாளும், மரினா பே பகுதியிலுள்ள கூடம் அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாளும் திறக்கப்பட்டன. கூடங்கள் வருமுன்னரே மன்றமும் சட்டமும் வந்துவிட்டன என்பது நோக்கத்தக்கது. நோய் பரவிய பின்னர் மருந்து தேடாமல், முன்னரே ஓரளவு வேலி அமைக்க முயன்றனர்.

அவ்வேலியின் உறுப்புகள் பல. 21 வயது நிரம்பாதோர் நுழைய இயலாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல நுழைவுக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். தொடக்கத்தில் 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளியாகவும், ஓராண்டுக்கு 2,000 வெள்ளியாகவும் இருந்த அக்கட்டணம், 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் முறையே 150 வெள்ளியாகவும் 3,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ வாயிலில் காட்டியாக வேண்டும்; அப்போதே விலக்குப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. இதுவே சிங்கப்பூர் முறையின் உயிர்நாடி. காவலரின் நினைவாற்றலை நம்பாமல், எல்லோரையும் ஒரே வகையில் சரிபார்க்கும் ஏற்பாட்டை நம்பி அது நிற்கிறது. விலக்கப்பட்டோரை உள்ளே விடும் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அவ்வாறு விதிக்கப்பட்டும் உள்ளது. சூதாடுவோரின் இழப்பால் வருவாய் பெறும் நிறுவனத்திடமே, அவரைத் தடுக்கும் கடமையும் சட்டத்தால் சுமத்தப்பட்டுள்ளது.

விலக்கு ஆணைகள் அங்கு மூன்று வகைப்படும். ஒருவர் தாமே வேண்டிப் பெறுவது தன்விலக்கு. குடும்பத்தார் வேண்டிப் பெறுவது குடும்ப விலக்கு. கடன் தீர்க்க இயலாது நொடித்துப்போனவர்களாக நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டோர், அரசின் உதவித்தொகை பெறுவோர் ஆகியோர் மீது தாமாகவே விழுவது மூன்றாம் வகை. முற்றிலும் விலக்காமல், ஒரு திங்களில் இத்தனை முறையே நுழையலாம் என்று வரம்பு கட்டும் ஏற்பாடும் பின்னர் சேர்க்கப்பட்டது. தன்விலக்குக்கு இணையத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்ற ஆணையை நினைத்தவுடன் நீக்கிக்கொள்ள இயலாது; ஓராண்டேனும் கழிதல் வேண்டும். நுழைதல் எளிது, மீளுதல் அரிது என்பது சூதின் இயல்பு. விலக்கின் வாயிலோ, அதற்கு மறுதலையாக, நன்மையின் பக்கம் எளிதாகவும் தீமையின் பக்கம் அரிதாகவும் அமைக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டிலிருந்து அங்குச் சென்று பணிபுரிவோர் இங்கே ஒன்றைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். நுழைவுக் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வெளிநாட்டுத் தொழிலாளருக்குச் சட்டப்படி அக்கட்டணம் இல்லை. அதாவது அவ்வேலி அவர்களுக்கு இல்லை. ஆனால் தன்விலக்கு வெளிநாட்டாருக்கும் உரியது. முகவருக்குக் கொடுத்த கடனும், ஊரில் காத்திருக்கும் தாயும், திருமணத்துக்கு நிற்கும் தங்கையும் ஒருவரின் நினைவில் இருக்கும்போதே அவர் அவ்விண்ணப்பத்தைச் செய்துவிடுவாராயின், தனிமையும் சலிப்பும் வருத்தும் ஓய்வுநாளில் அது அவரைக் காக்கும்.

குடும்ப விலக்கும் உரிமை வினாவும்

தாமே தம்மை விலக்கிக்கொள்வதில் எவருக்கும் மறுப்பிராது. ஆனால் வயது வந்த ஒருவரைப் பிறர் விலக்கலாமா? சிங்கப்பூரில் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பத்தை மதிப்பீட்டுக் குழுவினர் விசாரிப்பர். விலக்கப்பட வேண்டியவர் எனக் கூறப்படுபவருக்கும் தம் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பு அளிக்கப்படும். குடும்பத்துக்குக் கடுந்தீங்கு நேர்ந்துள்ளது எனக் குழு கருதினால் ஆணை பிறப்பிக்கப்படும்.

இவ்வினா புதியதன்று. பொருளைப் பாழாக்குபவரின் கையைக் கட்டலாமா என்பதை இஸ்லாமியச் சட்டவியலார் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்துள்ளனர். அறிவிலிகளிடம் பொருளை ஒப்படைத்தல் ஆகாது என்னும் கருத்து, திருமறையின் அந்நிஸா அத்தியாயத்தில் ஐந்தாம் வசனத்தில் காணப்படுகிறது. இதனை அடியாகக்கொண்டு, ஊதாரியாகிய ‘ஸஃபீஹ்’ என்பவர் தம் பொருளைக் கையாள்வதைத் தடுத்துவைக்கும் ‘ஹஜ்ர்’ என்னும் முறை வகுக்கப்பட்டது. ஆனால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், அறிவு தெளிந்த, வயது வந்த ஒருவரை ஊதாரித்தனத்தின் பொருட்டு அவ்வாறு தடுத்தல் கூடாது என்னும் கருத்தினர். ஒருவரின் உரிமையைப் பறிப்பது அவரை மனிதநிலையிலிருந்தே தாழ்த்துவதாகும். பொருளிழப்பினும் அது பெருந்தீங்கு என்பது அக்கருத்தின் சாரம். அவர்தம் மாணாக்கர்களாகிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் அஷ்ஷைபானீ (ரஹ்) ஆகிய இருவரும், ஏனைச் சட்டவியல் மரபினர் பலரும் தடுக்கலாம் என்றனர்.

ஆசிரியரும் மாணாக்கரும் வேறுபட்ட இவ்விடத்தில் இருசாராரின் அக்கறையும் மதிக்கத்தக்கதே. ஒருசாரார் மனிதனின் மாண்பைக் காக்க எண்ணினர். மறுசாரார் அவனையும் அவன் குடும்பத்தையும் காக்க எண்ணினர். சிங்கப்பூரின் குடும்ப விலக்கு இவ்விரண்டையும் ஓரளவு இணைக்க முயல்கிறது எனலாம். அது ஒருவருடைய பொருளைப் பறிப்பதில்லை. பிற செயல்களில் தலையிடுவதில்லை. ஒரே ஒரு வாயிலை மட்டும் அடைக்கிறது. அதனையும் அவர் தரப்பைக் கேட்ட பின்னரே அடைக்கிறது. தன்விலக்கின் உயர்வும் இங்கேதான் விளங்குகிறது. தாமே முன்வந்து செய்துகொள்ளும்போது உரிமைக்கும் காவலுக்கும் இடையே முரண்பாடே எழுவதில்லை. தம் உரிமையைக் கொண்டே ஒருவர் தம்மைக் காத்துக்கொள்கிறார். ஆதலின் குடும்பத்தார் முதலில் அன்போடு எடுத்துரைத்துத் தன்விலக்கை நாடச் செய்வதும், இயலாவிடத்து மட்டுமே குடும்ப விலக்கை நாடுவதும் முறையாகும்.

ஒரு வாயிலும் பல வாயில்களும்

தன்விலக்கின் குறையையும் மறைத்தல் ஆகாது. இங்கிலாந்தில், பந்தய நிறுவனம் ஒன்றிடம் தம் கணக்கை மூடிவைக்குமாறு கேட்டும் அது தம்மைத் தொடர்ந்து ஆடவிட்டது என்று வாடிக்கையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவர் இழந்த தொகை 20 இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்டது. 2008ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு இழப்பீடு வழங்க மறுத்தன. நிறுவனம் தன் வாக்கைக் காக்கத் தவறியது எனினும், அந்நிறுவனம் கதவை அடைத்திருந்தாலும் அவர் வேறிடம் சென்று இழந்தே இருப்பார் என்பதே அதற்குக் காரணம். அத்தீர்ப்பின் நியாயம் குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் அது சுட்டிய உண்மையை மறுக்க இயலாது. பத்து வாயில்கள் உள்ள வீட்டில் ஒன்றை மட்டும் அடைத்தல் காவலாகாது.

இவ்வுண்மையை உணர்ந்தே பின்னாளில் பல நாடுகள் பொதுப் பட்டியல்களை ஏற்படுத்தின. ஒருமுறை பதிந்தால் நாட்டில் உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் அனைத்திலிருந்தும் விலக்கும் ‘கேம்ஸ்டாப்’ என்னும் ஏற்பாடு பிரிட்டனில் 2018ஆம் ஆண்டில் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலிருந்து அதில் இணைவது நிறுவனங்களுக்குக் கட்டாயமாயிற்று. சுவீடனில் 2019ஆம் ஆண்டிலும், நெதர்லாந்தில் 2021ஆம் ஆண்டிலும், ஆஸ்திரேலியாவில் 2023ஆம் ஆண்டிலும் இத்தகைய பொதுப் பட்டியல்கள் நடைமுறைக்கு வந்தன. நெதர்லாந்தில், நெருங்கியோர் வேண்டுகோளின் பேரிலும் ஒருவரைப் பட்டியலில் சேர்க்க வழியுண்டு.

எனினும் எந்நாட்டுப் பட்டியலும் அந்நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. சிங்கப்பூரில் விலக்கு ஆணை பெற்றவரை மலேசியாவின் கெந்திங் மலைக் கூடத்தில் அவ்வாணை தடுப்பதில்லை. உரிமமின்றி மறைவாக நடக்கும் சூதில் பட்டியலும் இல்லை, வாயிற்காவலரும் இலர். ஆகவே வெளிவாயில்களை அடைக்கும் போதே உள்ளத்துக்கு மருந்தும் வேண்டும். கியூபெக் ஆய்வாளர்கள் 161 பேரை இரண்டாண்டுகள் வரை பின்தொடர்ந்து ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளின்படி, விலக்கு பெற்ற பின்னர் சூதாடும் வேட்கை தணிந்ததும், தம்மைக் கட்டுப்படுத்த இயலும் என்னும் நம்பிக்கை வளர்ந்ததும் புலனாயின. மிசூரியில் பட்டியலில் சேர்ந்து நான்கு முதல் பத்தாண்டுகள் கழிந்தோரிடம் நிகழ்ந்த ஆய்வு, சிகிச்சையோ தன்னுதவிக் குழுவின் துணையோ பெற்றோர் மேலும் நன்னிலை அடைந்தனர் என்று காட்டியது. வாயில் அடைபட்டிருக்கும் காலம் சிகிச்சைக்குக் கிடைத்த அவகாசம் ஆகும். அவ்வவகாசத்தை வீணாக்கிவிட்டால், ஆணையின் காலம் முடியும் நாளில் பழைய ஆசை அதே வாயிலில் காத்து நிற்கும்.

குடும்பமும் சமுதாயமும் செய்யத்தக்கவை

சூதில் வீழ்ந்தவர் தம் வீட்டாரிடம் முதலில் மறைப்பது இழப்பின் அளவை. வீட்டார் ஊராரிடம் மறைப்பது அவமானத்தை. இவ்விரு மறைப்புகளுக்கும் இடையே கடன் வளர்கிறது. குடும்ப மானத்தைக் கருதி உறவினர் பொருள் திரட்டிக் கடனை உடனே அடைத்துவிடுவது நம்மிடையே காணப்படும் வழக்கம். நல்லெண்ணத்தால் செய்யப்படினும், பெரும்பாலும் அது அடுத்த ஆட்டத்துக்கு வழிசெய்வதாகவே முடிகிறது. பொருள் கொடுக்குமுன், வாயில்கள் அடைக்கப்பட்டனவா என்று கேட்டல் வேண்டும். விலக்கு ஆணை பெறுதல், சம்பளத்தைக் கையாளும் பொறுப்பைச் சில காலம் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்தல், கடன்கள் அனைத்தையும் மறைக்காது எழுதி வைத்தல், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நாடுதல் ஆகிய நான்கும் முதலில் நிகழ்தல் நலம். கடனை அடைக்க நேரின், கடன் கொடுத்தவரிடமே நேராகச் சேர்ப்பித்தல் தகும்.

சமுதாயப் பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. சூதின் தீமையைச் சொற்பொழிவுகளில் எடுத்துரைப்பது அவர்தம் கடமை. அதனை அவர்கள் செய்தும் வருகின்றனர். அதனோடு, தம்மிடம் வந்து உண்மையைக் கூறும் ஒருவரை இழித்துரைக்காமல் கேட்டல் அதனினும் அரிய பணி. இழப்பும் நாணமும் ஒருசேர அழுத்தும்போது உயிரையே போக்கிக்கொள்ளும் எண்ணம் சிலருக்கு எழுவதுண்டு. அத்தகைய பேச்சு ஒருவர் வாயில் வருமாயின் அதனை விளையாட்டாகக் கொள்ளாது, உடனே துணைநின்று மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். பாவமன்னிப்புக்கு, அதாவது ‘தவ்பா’வுக்கு, மார்க்க அறிஞர்கள் வகுத்த நிபந்தனைகளுள், தீமையை உடனே விட்டொழித்தல், செய்ததற்கு வருந்துதல், இனி அதனிடம் மீள்வதில்லை என்று உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றும் அடங்கும். தன்விலக்கு விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் இம்மூன்றாவது நிபந்தனைக்குக் கண்ணால் காணத்தக்க ஒரு வடிவம் கொடுக்கிறார் என்று நாம் கருதலாம். ஆகவே அது வெட்கத்துக்குரிய செயலன்று, பாராட்டுக்குரிய செயலே.

மாணவர்கள் இதனை அறிந்து வைத்திருத்தல் நன்று. நாளை அவர்களுள் பலர் வெளிநாடுகளில் பணிபுரியச் செல்வர். தம்முடன் அறையில் தங்கியிருக்கும் நண்பர் சம்பள நாளன்று இரவு திரும்பாமல், மறுநாள் கடன் கேட்பாராயின், கடன் கொடுப்பதும் நட்பன்று. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நட்பன்று. அவருடன் அமர்ந்து அவ்விண்ணப்பத்தை நிரப்ப உதவுதலே நட்பு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், சூதாட்டக் கோளாறு அறிவுரையால் மட்டும் தீராத ஒரு பிணி என்பதும், தெளிந்த வேளையின் முடிவை மயங்கிய வேளையிலும் காக்கும் கருவியே தன்விலக்கு என்பதும் பெறப்பட்டன. சிங்கப்பூரில் போன்று ஒவ்வொருவரையும் வாயிலில் சரிபார்க்கும் ஏற்பாடும், கடமை தவறும் நிறுவனத்தைத் தண்டிக்கும் சட்டமும் உள்ள இடத்திலேயே அது வலிமை பெறுகிறது. பட்டியல் பொதுவாக அமைந்து, சிகிச்சையும் உடன் நிகழ்ந்தால் பயன் மிகும். எல்லைக்கு அப்பாலும் மறைவிலும் நடக்கும் சூதை அது தடுக்க மாட்டாது. அங்கே குடும்பத்தின் அன்பும் சமுதாயத்தின் அக்கறையுமே வாயிற்காவலாக அமைதல் வேண்டும்.

தம்மால் தம்மைக் காக்க இயலவில்லை என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, ‘என்னை உள்ளே விடாதீர்’ என்று எழுதிக் கொடுப்பது தோல்வியன்று, மீட்சியின் முதற்படி. அவர் எழுதித் தரும் அத்தாளைப் பெற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரும், அரசாயினும் நிறுவனமாயினும் மனைவியாயினும் நண்பராயினும், ஓர் அடைக்கலப் பொருளைப் பெற்றவராகின்றனர். அடைக்கலத்தைப் பேணுதல் பெற்றவர் கடன்.